தறி ஒன்று, பாட்டு எது?

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்ய ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். பெரியவருக்கு ‘அன்னக்கிளி’ (1976) நாள் முதல் இளையராஜாதான். பக்கத்தில் இருக்கும் பையனுக்கோ அனிருத்! எந்தப் பாட்டை வைப்பது?

சர்க்காரே ஒரு முறை இப்படித் தீர்ப்புச் சொல்லப் பார்த்தது. 1952-ல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறதென்று வானொலியில் அதை ஒடுக்கினார். நேயர்கள் வாதாடவில்லை, சிலோன் ரேடியோவுக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957-ல் வானொலியே இறங்கிவந்து விவித பாரதியைத் தொடங்கியது. மந்திரிக்கே முடியாதது பெரியவருக்கு முடியுமா?

ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். லயத்துக்குப் பேர்போன நாயனாப் பிள்ளையின் ஊரில் அது நடக்குமா? ஒருவர் நாடா விட்டதும் மற்றவர் விட்டாக வேண்டும். கை தப்பினால் கோர்வை கெட்டது. காலையில் ராஜா, மாலையில் அனிருத் என்று முறை வைத்துக்கொள்ளும் வழிதான் பாக்கி.