ஊரார் தண்ணீரைச் சுத்தமாக்கும் தொட்டிக்கரி... உள்ளூர்க் கிணற்றைக் கெடுக்கலாமா?

அனுப்பர்பாளையத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது சுத்தியல் சத்தம்தான். பித்தளை அண்டா, செப்புக்குடம், எவர்சில்வர் பாத்திரம் என்று பட்டறைகள் வரிசை கட்டி நிற்கும். பனியனுக்குப் பேர்போன திருப்பூரில் பாத்திரத்துக்குப் பேர்போன பகுதி இது.

காலையில் அங்கே வீடுகளிலிருந்து இன்னொரு சத்தமும் கேட்கும். சட்னிக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம். துருவி முடித்ததும் தொட்டி குப்பைக்கூடைக்குப் போய்விடும். கொங்கு நாட்டில்தான் இது தொட்டி. தெற்கே போனால் சிரட்டை, சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சி.

அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, அதே திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் காங்கேயத்தில் தொட்டியை யாரும் குப்பையில் போடுவதில்லை. அங்கே அது சரக்கு!

களத்திலிருந்து கப்பலுக்கு

காங்கேயம் வட்டாரம் முழுக்கத் தேங்காய் உலர் களங்களும் எண்ணெய் ஆலைகளும்தான். மூடியாக உடைத்த தேங்காயை வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த பருப்பு எண்ணெய்க்குப் போகும். மிஞ்சும் தொட்டி கரிச் சூளைக்குப் போகும்.

ஒருகாலத்தில் இஸ்திரிப் பெட்டிக்கும், ஈயம் பூசுகிறவரின் துருத்தி அடுப்புக்கும் இந்தக் கரிதான் கைகொடுத்தது. இன்று அதன் மவுசே வேறு. இந்தக் கரியை நீராவி செலுத்தி 800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கினால், 'ஆக்டிவேட்டட் கார்பன்' கிடைக்கும். அந்தச் சூட்டில் நீராவி, கரியை உள்ளுக்குள் அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகளைப் போட்டுவிடும்.

அந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால், ஒரே ஒரு கிராம் கரி சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம்! தண்ணீரில் இருக்கும் குளோரின், நாற்றம், பூச்சிமருந்து மிச்சம் போன்றவை அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக் குடிநீர் இயந்திரத்துக்குள் இருக்கும் கறுப்பு வடிகட்டியில் பெரும்பாலும் இந்தக் கரிதான் இருக்கிறது. சுரங்கங்களில் தாதுக் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் இதுவே உதவுகிறது. முதல் உலகப் போரின்போது, விஷவாயு முகமூடிக்குக் கரி வேண்டும் என்பதற்காக, 1918-ல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் வால்நட் ஓடுகளையும் வீடு வீடாகச் சேகரித்தார்கள்.

பனியன் ஊருக்கு நெருக்கமான செய்தியும் ஒன்று உண்டு. தேங்காய்த் தொட்டிக் கரியை நுண்ணிய தூளாக்கி, பாலியஸ்டர் இழைக்குள் கலந்து, வியர்வை சீக்கிரம் உலரும் விளையாட்டு ஆடைகளை வெளிநாட்டு நிறுவனங்கள் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன.

மீதி எங்கே போனது?

இதுவரை எல்லாம் நல்ல சேதி. இனிதான் கணக்கு இடிக்கிறது.

ஒரு கிலோ கரி எடுக்கச் சுமார் மூன்று கிலோ தொட்டி வேண்டும். மீதி இரண்டு கிலோ எங்கே போகிறது? புகையாகப் போகிறது. தாராக, அமில நெடியாக, எரியும் வாயுவாக வெளியேறுகிறது.

திறந்த குழியில் தொட்டியைக் கொட்டித் தீ வைத்து, காற்றை அடைத்துக் கரியாக்குவது பழைய முறை. அந்தப் புகை அக்கம்பக்கத்துக் காட்டிலும் வீட்டிலும் இறங்கும். சூடான கரியை நனைத்துக் குளிரவைக்கும் தண்ணீர், தாரையும் அமிலத்தையும் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்கும். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, ஆழ்துளைக் கிணறு நாறுகிறது என்று காங்கேயம் வட்டாரத்து விவசாயிகள் மனுக் கொடுத்ததும், போராடியதும் இதனால்தான்.

எங்கோ ஒரு நகரத்தில் குடிநீரைச் சுத்தமாக்கப் போகும் கரி, பிறந்த ஊரில் குடிநீரைக் கெடுத்துவிட்டுப் போகலாமா?

திருப்பூர் கற்ற பாடம்

இந்தக் கேள்வி திருப்பூருக்குப் புதிதல்ல. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. விவசாயிகள் வழக்குக்கு மேல் வழக்காக நடத்தினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே திகைத்துப் போனது. அதன்பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத சுத்திகரிப்பு முறைக்கு ஆலைகள் முழுமையாகத் திரும்பின.

முன்னதாகவே செய்திருந்தால் செலவு ஆலைகளோடு முடிந்திருக்கும். தாமதத்துக்கு விலை கொடுத்தது நிலமும் நிலத்தடி நீரும்தான்.

புகையிலிருந்து மின்சாரம்

வழி இல்லாமல் இல்லை. இலங்கையின் 'ஹேகார்ப்' 1973-ல் தொடங்கிய நிறுவனம். தொட்டிக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிப்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. அதன் துணை நிறுவனமான 'ரெகோஜன்', படல்கம என்ற ஊரில் தொட்டியை மூடிய அமைப்பில் கரியாக்குகிறது. வெளியேறும் வாயுவைக் காற்றில் விடாமல் எரித்து, அந்த வெப்பத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள்!

சிறு வியாபாரிகளையும் அவர்கள் விட்டுவிடவில்லை. புகையைப் புகைபோக்கிக்குள்ளேயே எரித்துவிடும் குழிகளை அமைத்துக்கொள்ள, 'ஹரித அங்கார' என்ற திட்டத்தில் உதவுகிறார்கள். சிங்களத்தில் அதற்குப் பசுமைக் கரி என்று பொருள்.

அதாவது, ஊரைத் திணறடிக்கும் அதே புகைதான் எரிபொருள். மூடிய சூளைக்கு முதலீடு அதிகம்தான். சிறு சூளைக்காரர் ஒருவரால் தனியாகத் தாங்க முடியாது. சாய ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்ததுபோல, பத்துச் சூளைக்காரர்கள் சேர்ந்தால் முடியும். கரியை வாங்கும் ஏற்றுமதியாளர்களும், எப்படிச் சுட்ட கரி என்று கேட்டு வாங்கத் தொடங்கினால் மாற்றம் இன்னும் வேகமாக வரும்.

வீட்டில் கவனிக்க...

* அடுப்பில் சுட்ட தொட்டிக்கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்றல்ல. வீட்டுக் கரியைக் குடிநீரில் போட வேண்டாம்.

* கார்பன் வடிகட்டி நாற்றத்தையும் குளோரினையும் பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. உப்புத் தண்ணீருக்கு ஆர்.ஓ. போன்ற வேறு முறைதான் வேண்டும்.

* துளைகள் நிரம்பிவிட்டால் கரி வேலை செய்யாது. பழைய வடிகட்டியில் கிருமி வளரவும் கூடும். நிறுவனம் சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

* தொட்டியை ஈரக்குப்பையோடு சேர்க்காமல், காயவைத்துத் தனியாக வைக்கலாம். அடியில் ஓட்டை போட்டால் நாற்று வளர்க்கும் கிண்ணம், காம்பு செருகினால் அகப்பை.

புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் பளபளக்கிறதா என்று அனுப்பர்பாளையத்தில் வெளிப்புறத்தை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை. உள்ளே கைவிட்டும் பார்ப்பார்கள். கழிவிலிருந்து காசு என்று சொல்லும் எந்தத் தொழிலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தொட்டி கரியாகட்டும். கிணறு கிணறாகவே இருக்கட்டும்.