ஈமானை அளக்காதீர்கள், நோயை அளக்கச் சொல்லுங்கள்!



நம் விருத்தாசலத்துச் சூளைகளில் வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் பீங்கான் பாழாகிவிடும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். மண்ணுக்குக் காட்டும் அந்த நிதானத்தை மனித மனத்துக்கு நாம் காட்டுவதில்லை. மாதக்கணக்கில் உறங்காத மகளை "ஈமான் பலவீனம்" என்கிறோம். தனக்குள் பேசும் மகனுக்கு "ஜின் பிடித்திருக்கிறது" என்கிறோம். ஒளிந்து குடிக்கும் கணவரையோ ஊருக்கு அஞ்சி மறைக்கிறோம்.

இதன் விலையை நம் சமுதாயம் அறியாததன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை அண்டி இயங்கிய தனியார் காப்பகத்தில் தீப்பற்றி 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் ஓட இயலவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்துவிட்டது. அளந்து பாராமல் தீர்ப்பளிக்கும் நம் வழக்கத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

அளப்பதற்கு எளிய வழிகள் உண்டு. மனச்சோர்வுக்கான 'பி.எச்.கியூ-9' ஒன்பதே கேள்விகள் கொண்டது. கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, சோர்வு, நாட்டமின்மை எவ்வாறு இருந்தன என்று அது கேட்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10ஐ எட்டினால் மருத்துவர் மேலும் ஆராய வேண்டும். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு "உண்டு" என்று விடை வந்தால், மற்ற மதிப்பெண் எதுவாயினும் அன்றே கவனித்தாக வேண்டும். குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட 'ஆடிட்' உண்டு. 40இல் 8ஐ எட்டினாலே எச்சரிக்கைதான்.

"உள்ளத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான், காகிதமா அறியும்?" என்று சிலர் கேட்பர். உள்ளத்தை அவன் ஒருவனே அறிவான் என்றால், பிறரின் ஈமானுக்குக் குறை சொல்லும் உரிமையை நமக்கு யார் தந்தது? இக்கேள்விகள் ஈமானை அளப்பதில்லை. நோயின் கடுமையையே அளக்கின்றன. காரணம் தெரிந்த கவலையையும் காரணம் புலப்படாத கவலையையும் வேறுபடுத்தி எழுதியவர், 934இல் மறைந்த நம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே பணித்திருக்கிறார்கள். துஆ மருந்துக்குப் பகையன்று. ஏர்வாடியிலேயே பின்னாளில் அரசு மருத்துவர்கள் தர்காவுக்கு வந்து, துஆவுடன் மருந்தும் தரும் ஏற்பாடு உருவானது.

மருத்துவமனைகளிடமும் நமக்குக் கேள்வி உண்டு. முதல் நாளில் படிவத்தை நிரப்பிக் கோப்பில் வைப்பதால் யாருக்கு என்ன பயன்? அதே கேள்விகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் கேட்க வேண்டும். மதிப்பெண் குறையவில்லையெனில் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். "சென்ற முறை எவ்வளவு, இப்போது எவ்வளவு?" என்று குடும்பத்தாரும் தயங்காமல் கேளுங்கள். ஆனால் வீட்டிலேயே கூட்டிப் பார்த்து நோய்க்குப் பெயர் சூட்டாதீர்கள். அது மருத்துவரின் பணி.

ஜமாஅத் பெரியோர்களே, ஆலிம்களே! ஓதிப் பார்க்க வருவோரை ஓதியதோடு அனுப்பிவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். 14416 என்ற இலவச 'டெலி மனஸ்' எண்ணை, இரவும் பகலும் தமிழில் பேசலாம் என்ற குறிப்புடன், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

நோயுற்றோரைப் பழிக்கும் நாவிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.