உரிமை காக்கும் நாற்காலி யாருக்கு?

அமெரிக்க அரசு அலுவலகங்கள் அவ்வப்போது வெளியிடும் வேலை விளம்பரங்களுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. குடிமை உரிமைச் சட்டங்களை நிறைவேற்றும் அரசு வழக்கறிஞர்களை மேற்பார்வையிட மூத்த வழக்கறிஞர் ஒருவர் தேவை என்பதே அது. கல்வித் தகுதி, அனுபவம், ஊதியம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த நாற்காலியின் கனம் மட்டும் எழுதப்பட்டிராது.

அக்கனத்தை அறிய ஒரு வழக்கைப் பாருங்கள். 2008இல் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில், பதினேழு வயது முஸ்லிம் பெண்ணொருத்தி ஆபர்குராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற துணிக்கடைக்கு வேலை கேட்டுச் சென்றாள். நேர்காணலில் தேறிய அவளுக்கு, தலையில் ஹிஜாப் அணிந்திருந்த ஒரே காரணத்தால் வேலை மறுக்கப்பட்டது. வழக்கைத் தொடுத்தது அவளல்லள். சம வேலைவாய்ப்பு ஆணையம் என்னும் அரசு நிறுவனம். 2011இல் கிடைத்த இழப்பீடு 20,000 டாலர். 2013இல் மேல்முறையீட்டு மன்றம் அதையும் தள்ளிவிட்டது. இச்சிறு தொகைக்காக எந்தத் தனி வழக்கறிஞர் தலைநகர் வரை ஏறி இறங்குவார்? ஆணையம் ஏறியது. 2015 ஜூன் முதல் நாள், உச்சநீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளுள் எண்மர் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர்.

ஆயினும் எல்லா முறையீட்டுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. 2024ஆம் நிதியாண்டில் அவ்வாணையத்துக்கு வந்த முறையீடுகள் 88,531. அது தொடுத்த வழக்குகளோ 111. பல முறையீடுகளுக்குச் சான்று இராது, பல சமரசத்தில் முடியும்; அதை மறுப்பதற்கில்லை. எனினும் எஞ்சியவற்றுள் எது நீதிமன்றப் படியேறத் தக்கது என்று எடைபோட்டுப் பரிந்துரைக்கும் இடத்தில்தான் மேற்பார்வை வழக்கறிஞர் அமர்ந்திருக்கிறார். அவர் கண் சோர்ந்தால் ஏழையின் மனு கட்டுக்குள்ளேயே மக்கிப்போகும்.

திருமறையின் அந்நிஸா அத்தியாயம், 58ஆம் வசனத்தில், அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதையும் மக்களிடையே நீதியாய்த் தீர்ப்பதையும் ஒருங்கே பணிக்கிறது. பதவியும் அமானிதமே என்று மார்க்க அறிஞர்கள் இதிலிருந்து விளக்கியுள்ளனர். அந்தப் பாரத்துக்கு அஞ்சியே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூர் தந்த காஜிப் பதவியை மறுத்துச் சிறை புகுந்தார்கள். அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியாக அமர்ந்தார்கள். ஆசானின் அச்சமும் மாணவரின் துணிவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பின், அவரே இத்தகைய நாற்காலிக்கு உரியவர் என்பது நம் எண்ணம்.

இவ்வேளையில் இது வெறும் பேச்சன்று. 1957இல் அமெரிக்க நீதித்துறையில் தோன்றிய குடிமை உரிமைப் பிரிவே, நியூஜெர்சியின் பெர்னார்ட்ஸ் ஊரில் பள்ளிவாசல் கட்ட அனுமதி மறுக்கப்பட்டபோது 2016இல் அவ்வூராட்சியின் மீது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டே உடன்பாடு வந்தது. அப்பிரிவின் வழக்கறிஞர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 2025இல் வெளியேறிவிட்டனர். சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. அதை ஏந்திச் செல்லும் கைகள்தாம் குறைந்துவிட்டன.

அங்கே சட்டம் பயிலும் பிள்ளைகள் உங்கள் குடும்பத்தில் இருப்பின், இத்தகைய பணிக்கு மனுச் செய்யுமாறு தூண்டுங்கள். வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கோ இதைச் சொல்லி வையுங்கள்: அநீதி நேர்ந்த 180 நாட்களுக்குள் ஆணையத்திடம் முறையிட வேண்டும், அதே அநீதியைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் அதற்கென அலுவலகமும் உள்ள இடங்களில் 300 நாட்கள் வரை அவகாசம் உண்டு.