கழுத்தா, ஆத்துமாவா?

அடையாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்தது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் ஊர். அதன் பெயரில் நிற்கும் கர்னல் ஒல்காட், 1882-இல் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபையின் நிறுவனருள் ஒருவர். சபைத் தோட்டத்தில் பல சமய வழிபாட்டிடங்களோடு சிறு பள்ளிவாசலும் உண்டு. உடல் அழியும், ஆன்மா பிறவிதோறும் பயணம் தொடரும் என்பது அச்சபையாரின் கொள்கை. குப்பத்திலிருந்து தெற்கே நடந்தால், பிறரைக் காக்கக் கடலில் இறங்கி 1930-இல் மாண்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னமும், அப்பால் அன்னை வேளாங்கண்ணி ஆலயமும் உள்ளன. அந்த ஷ்மிட் 'உயிரைக் கொடுத்தார்' என்போம். 'ஆன்மாவைக் கொடுத்தார்' என்று தமிழர் எவரும் சொல்லார். இவ்வழக்கு வேற்றுமை சிறிதன்று.

சபூர் வேதம் என நாம் அறியும் தாவீதின் பாடல்களுள், விவிலியத்தில் 69-ஆவதாக உள்ளது, நீரில் மூழ்குவோன் ஒருவனின் முறையீடு. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் அமைந்த தமிழ் மொழிபெயர்ப்பில், வெள்ளம் அவனுடைய 'ஆத்துமமட்டும்' பெருகுகிறது. (இந்தப் பவர்தாம் சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர், தமிழறியாதவர் அல்லர்.) 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்திலோ வெள்ளம் 'கழுத்தளவு' வருகிறது. கட்டுமரத்திலிருந்து தவறி விழுந்தவனைக் கேட்டால், இரண்டாவதே சரி என்பான்.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'நெஃபெஷ்'. தொண்டை, மூச்சு, உயிர், உயிருள்ள ஆள் என அது விரியும். நம் 'நஃப்ஸ்' அதன் உடன்பிறப்பு. 'ரூஹ்' என்பதற்கும் அங்கே 'ரூவாஹ்' என்னும் உறவு உண்டு. எபிரேயர் நோக்கில் மனிதன் உடலுக்குள் அடைபட்ட ஓர் ஆன்மா அல்லன்; மூச்சு ஊதப்பெற்ற மண். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பில் அச்சொல் 'சைக்கே' ஆயிற்று. அதற்கு முன்னரே பிளேட்டோ, சாக்ரடீசின் இறுதி நாளை வருணிக்கும் 'ஃபைடோ' நூலில், இறப்பை ஆன்மாவின் விடுதலையாகக் காட்டியிருந்தார். அந்நிறம் சொல்லில் ஏறியது. பின் திருச்சபையின் நம்பிக்கையிலும் ஏறியது. 325-இல் நிசேயாவில் கிரேக்கச் சொல்கொண்டு வகுத்த இறைக்கொள்கை நம் மேடைகளில் பெரிதும் பேசப்படுகிறது. இந்த ஆன்மக்கொள்கையை எவரும் பேசுவதில்லை. கிறித்தவ அறிஞர் ஆஸ்கர் குல்மனோ 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில், வேதம் உரைப்பது ஆன்மாவின் அழியாமையன்று, இறந்தோர் எழுப்பப்படுதலே என வாதிட்டார்.

ஒரு சொல்லைக் கொண்டே ஓர் இனத்தின் சிந்தனையை அளத்தல் தகாது என ஜேம்ஸ் பார் 1961-இல் கண்டித்ததும் நினைவிருத்தற்குரியது. 'சைக்கே'யும் ஹோமர் நாளில் மூச்சு என்னும் பொருளை ஒட்டியே நின்றது. எனினும் தமிழில் நேர்ந்தது வேறு. 'ஆத்துமா' என்று எழுதியவுடன் கிரேக்கம் மட்டுமன்றி உபநிடதமும் கூடவே வந்து அமர்ந்துகொண்டது. ஆதிமனிதன் பழைய மொழிபெயர்ப்பில் 'ஜீவாத்துமா' ஆகிறான். திருவிவிலியத்தில் 'உயிர் உள்ளவன்' ஆகிறான். 1938-இல் தாம்பரத்தில் உலகக் கிறித்தவ மாநாடு கூடியபோது, பி. செஞ்சையா, சக்கரைச் செட்டியார் முதலியோர் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டனர். மேலைத் திருச்சபையின் கொள்கைச் சட்டகத்தை இந்தியர் அப்படியே சுமக்க வேண்டுமா என்பது அவர்கள் வினா. துணிவான வினாதான். ஆயின் மேலைச் சுமையை இறக்கிய இடத்தில் இந்நாட்டுச் சுமை ஏறாதா என்பதும் உடன் கேட்கத்தக்கதே.

இவ்வளவும் அண்டை வீட்டுச் செய்தி என்று நம்மவர் மகிழ்தல் வேண்டா. 'கிரேக்கம் புகுந்து கிறித்தவம் திரிந்தது; நம்மிடம் அஃது அணுகவில்லை' என்று மேடைதோறும் கேட்கிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பக்தாதில் கிரேக்க நூல்களை அரபியாக்கியோருள் தலையாய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். அவற்றை ஆர்வத்தோடு கற்றோர் நம் முன்னோர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வில் தத்துவவாதிகள்மீது சாட்டிய மூன்று பெருங்குற்றங்களுள் ஒன்று, உடலோடு எழுப்பப்படுதலை அவர்கள் மறுத்தமை. இப்னு ருஷ்து அதற்கு மறுப்பு எழுதினார். குல்மன் எழுப்பிய வழக்கு, நம் வீட்டில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்த வழக்கு. நம்மிடமும் கிரேக்கம் வந்தது. வந்ததனால் நாம் கூர்மையுற்றோம் என்பதே என் கருத்து.

தமிழில் நாம் செய்தது என்ன? ஒவ்வொரு நஃப்ஸும் மரணத்தைச் சுவைக்கும் எனும் கருத்துடைய இறைவசனம் திருக்குர்ஆனின் 3-ஆம் அத்தியாயத்தில் உண்டு. நம் பள்ளிவாசல் அலமாரிகளில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அங்கே 'ஆத்மா' என்றே காண்கிறோம். இந்நாட்டு மரபில் ஆத்மா என்பது சாகாதது. சாகாதது சாவைச் சுவைப்பது எங்ஙனம் என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டால், ஆசிரியர் அரபிக்குப் போய்த்தான் மீள வேண்டும். 'உயிர்' என்று எழுதியிருந்தால் அக்கேள்வியே எழாது. குப்பத்து மூதாட்டிக்கும் உரை வேண்டியிராது.