சேற்றில் வளைந்த உடலும் ஆடும்

ஆடல் என்றதும் தஞ்சை மண்ணினராகிய நம் உள்ளம் சதிரை நாடும். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் வகுத்த முறையே இன்றைய பரதநாட்டிய மேடைக்கு அடிப்படை. அப்பெருமை நமக்கு என்றும் உண்டு. எனினும், ஆடல் அரசவையில் மட்டுமன்றி வயலிலும் பிறக்கக்கூடும் என்பதை ஜப்பானியரின் 'புட்டோ' நமக்கு உணர்த்துகிறது.

இதனைத் தோற்றுவித்தவர் தட்சுமி ஹிஜிகாட்டா (1928–1986). நெல் விளையும் வடபுலத்து அகிட்டாவில் பிறந்தவர். 1959இல் டோக்கியோவில் அவர் அரங்கேற்றிய ஆடல் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. தம் கலைக்கு 'இருளின் ஆடல்' என்றே பெயரிட்டார். வளைந்த முதுகும், மடங்கிய முழங்காலும், மண்ணைப் பிரிய மனமில்லாத பாதமுமே அதன் அழகு. பெற்றோர் கழனியில் உழைக்க, நாள் முழுதும் வைக்கோற் கூடையில் கட்டி வைக்கப்பட்ட குழந்தைகளின் மரத்துப்போன கால்களைப் பற்றி அவர் பேசியுள்ளார். அக்கால்களே அவர்தம் ஆடலுக்கு ஆசான் எனலாம்.

அவருடன் இணைந்து இக்கலையை வளர்த்தவர் காசுவோ ஓனோ (1906–2010). உடற்பயிற்சி ஆசிரியர், போர்முனையும் சிறைமுகாமும் கண்டவர். இளமையில் தாம் கண்டு வியந்த ஸ்பானிய ஆடல் நங்கையைப் போற்றி 1977இல், தம் 71ஆம் வயதில், ஆடிப் புகழ்பெற்றார். 1975இல் உஷியோ அமகட்சு நிறுவிய சங்காய் ஜுக்கு குழு புட்டோவை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றது.

மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு நாற்று நட்ட தாய்மார் நம் காவிரிப் படுகையிலும் உண்டு. உழைத்த அம்மக்கள் கூடுதல் கூலி கேட்டபோது நேர்ந்ததை, 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் தீக்கிரையான கீழ்வெண்மணி சொல்லும். அவர்தம் நடவுப் பாடல்களை அறிஞர் பலர் தொகுத்தனர். குனிந்தவாறே பின்னடி வைத்து நகரும் அவ்வுடலின் அசைவுக்கு நாம் அத்துணை மதிப்பளித்தோமா? நடவு எந்திரம் வயலில் இறங்கிவிட்ட இந்நாளில், அவ்வசைவு நம் கண்முன்னே மறைந்து வருகிறது.

புட்டோவின் வெண்பூச்சையும் திறந்த மேனியையும் நாம் மேற்கொள்ள வேண்டுவதில்லை; நம் பண்பாடு வேறு. உழைத்துத் தேய்ந்த உடலிலும் கலை உண்டு என்று காட்டிய அதன் துணிவே நாம் கொள்ளத்தக்கது.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் உங்கள் ஊர்ப் பாட்டியரிடம் செல்லுங்கள். பாடலை எழுதிக்கொள்வதோடு அமையாது, நாற்றுமுடியை எவ்வாறு பிடித்தார், எவ்வாறு பிரித்தார், எவ்வாறு ஊன்றினார் என்பதையும் செய்துகாட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நாளை ஒரு தஞ்சைக் கலைஞர் அதிலிருந்து புதியதோர் ஆடலைப் படைப்பாராயின், நம் தமிழ்த்துறை ஆற்றிய நற்பணியாக அது நிலைக்கும்.