வெண்சுவரும் வியர்வைக் கரமும்

கலிபோர்னியாவிற்குச் செல்லும் பயணிகள் தவறாது காண விழைபவை, ஸ்பானியர் காலத்து மிஷன் தேவாலயங்கள். பிரான்சிஸ்கன் துறவியர் 1769இல் சான் டியேகோவில் தொடங்கி, 1823இல் சொனோமாவில் நிறைவுசெய்த 21 நிலையங்கள் அவை. வெண்சுண்ணச் சுவர், செவ்வோட்டுக் கூரை, வளைவு வாயில், மணிமாடம் ஆகியவற்றைக் கண்டோர் உள்ளம் நெகிழ்வது இயல்பே. ஆயின், திரும்பி வந்து அவர்கள் தீட்டும் பயணக் கட்டுரைகளும் அந்நெகிழ்ச்சியிலேயே முடிந்துவிடுகின்றன. அழகைக் கண்டது குற்றமன்று; அழகோடு நின்றுவிடுவதே குற்றம்.

அச்சுவர்களின் பச்சைச் செங்கற்களுக்கு மண் குழைத்தவர் யார்? அம்மண்ணின் பழங்குடி மக்களே. ஞானஸ்நானம் பெற்றபின் நிலையத்தை விட்டு விரும்பியபடி வெளியேற அவர்கட்கு உரிமையில்லை. தப்பியோடியவரைப் படைவீரர் பிடித்து வந்தனர், சவுக்கடி தண்டனையாயிற்று. சான் பிரான்சிஸ்கோவின் டொலோரஸ் நிலையத்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட பழங்குடியினர் மண்ணுள் உறங்குகின்றனர். அவர்களுள் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

“அக்காலச் செயலை இக்கால அளவுகோலால் அளக்கலாமா? உழவும் கைத்தொழிலும் கற்பித்தனரே!” என வாதிடுவோர் உளர். 1785இல் சான் கேபிரியல் நிலையத்திற்கு எதிரான கிளர்ச்சியில் முன்னின்ற தொய்பூரினா என்னும் பழங்குடிப் பெண் எக்காலத்தவள்? 1786இல் கார்மல் நிலையத்திற்கு விருந்தினராய்ச் சென்று, அதனை மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களோடு ஒப்பிட்டெழுதிய பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ் எக்காலத்தவர்? அக்காலத்துக் கண்களே அதனைக் கொடுமையெனக் கண்டன. கற்பித்த தொழிலைக் காட்டிப் பறித்த உரிமையை மறைத்தல் நேர்மையாகாது.

இம்மறைப்பு பள்ளியிலும் நிகழ்ந்தது. அம்மாநிலத்தின் நான்காம் வகுப்பு மாணவர் சர்க்கரைக் கட்டிகளாலும் ஐஸ்கிரீம் குச்சிகளாலும் இத்தேவாலயங்களின் மாதிரிகளைச் செய்வது நெடுங்கால வழக்கம். கட்டடம் கைக்கு வந்தது. கட்டியவர் கருத்திற்கு வரவில்லை. இப்பயிற்சி அக்காலத்தை உணர உதவாது, பலர் மனத்தைப் புண்படுத்தும் என்று 2016ஆம் ஆண்டின் மாநிலப் பாடத்திட்ட நெறிமுறையே கூறியது. அங்கு நிகழ்ந்த அன்றாட வாழ்வைக் கற்பிக்குமாறும் அது பணித்தது.

ஆகவே, காணச் செல்வோர் செல்லட்டும். மணியோசையின் இனிமையைக் கேட்பதோடு, அம்மணி அன்று யாரை வயலுக்கு அழைத்தது என்றும் கேட்கட்டும். மாணவனின் பயணக் கட்டுரையில் ‘கட்டியவர் யார்?’ என்னும் வினா இல்லையெனில், ஆசிரியர் அதனைத் திருப்பிக் கொடுக்கட்டும். கட்டடத்தை வருணிப்பது மொழிப்பயிற்சி. கட்டிய கரங்களை எண்ணிப் பார்ப்பதே கல்வி.