கழுத்தில் மாட்டிய வேலி

நாயைச் சங்கிலியில் கட்டிவைப்பவனைக் கொடியவன் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. அது உரசிய கழுத்தில் மயிர் உதிர்ந்திருப்பதும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சங்கிலியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுபவனை என்னவென்று சொல்வது? நாகரிகமானவன் என்கிறார்கள். இந்த நாகரிகத்தை நாங்கள் மறுக்கிறோம்.

மறுப்பதற்கான காரணம் எங்களுக்கு வெகு அருகிலேயே கிடைத்தது. எங்களோடு இருபது ஆண்டுகளாகப் புத்தகம் பேசிவரும் நண்பர், அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் வயல் மனையான இடமொன்றில் வீடு கட்டினார். மதில் எழுப்பினால் பொதிகை மறைந்துவிடும் என்பதால் எழுப்பவில்லை. ரசனை மிக்க முடிவுதான். ஆனால் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. மலை மறையாமலும் நாய் போகாமலும் இருக்க, இணையக் கடையில் ஒரு மின்னணு வேலியை வரவழைத்தார்.

அதன் இயக்கம் எளியது. மனையைச் சுற்றிக் கம்பி புதைக்கப்படுகிறது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டி அதில் வானொலிச் சமிக்ஞையைச் செலுத்துகிறது. நாயின் கழுத்துப்பட்டையில் இரண்டு உலோக முனைகள் தொண்டைத் தோலை அழுத்தியபடி இருக்கின்றன. கோட்டை நெருங்கினால் ஓசை எழும்; அதையும் மீறினால் மின்னதிர்ச்சி. முதல் சில வாரங்கள் எல்லையில் சிறு கொடிகளை நட்டு நாய்க்குப் 'பயிற்சி' தரவேண்டுமாம். எந்த இடத்தில் வலி தொடங்குகிறது என்று அது மனப்பாடம் செய்யும் காலத்துக்குத்தான் அந்தப் பெயர்.

நண்பரின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். சங்கிலியில் நாய்க்குக் கிடைப்பது ஆறடி வட்டம். இதில் முழு மனையும் கிடைக்கிறது. அதிர்ச்சி ஒரு நொடி; சங்கிலியோ நாள் முழுவதும். சாலையில் லாரியில் அடிபட்டுச் சாவதைவிட இது மேல் அல்லவா? இவற்றை அற்பமான கேள்விகள் என்று தள்ளிவிட முடியாது. எங்களில் மூவர் வீட்டில் நாய்கள் சங்கிலியிலேயே வளர்ந்து சங்கிலியிலேயே செத்தன. அந்தக் குற்றவுணர்வோடுதான் பேசுகிறோம்.

ஆயினும் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகியவை கண்ணால் இரையைக் கண்டு ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனங்கள். ஒரு மயிலோ முயலோ கண்ணில் பட்டால், ஓசையைக் கேட்டு நிதானிக்கும் இயல்பு அவற்றுக்கு இல்லை. பாய்ச்சலில் கோட்டைக் கடந்துவிடும். பிறகு வேகம் தணிந்து வீடு திரும்பும்போதுதான் அதே கோடு குறுக்கே நிற்கும். துரத்தும் வெறியில் உறைக்காத வலி, திரும்பும் வேளையில் உறைக்கும். வீட்டைவிட்டு ஓடுவதை உறுதியாகத் தடுக்காத வேலி, வீடு திரும்புவதைத் தண்டிக்கிறது.

இதைவிடப் பெரிய அபத்தம் மலையடிவாரத்துக்கே உரியது. 1988இல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் விளிம்பில் இருக்கும் ஊர்களில், சிறுத்தை இறங்கி ஆட்டையும் நாயையும் கவ்விச் செல்வது புதிய செய்தியல்ல. 2024 மே மாதம் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்ததை நாளிதழ் படிப்பவர் அறிவர். சிறுத்தையின் கழுத்தில் பட்டை இல்லை. அதற்கு அந்தக் கோடு வெறும் மண். உள்ளே வருவதை எதுவும் தடுக்காது. உள்ளே இருப்பது தப்பியோட முயன்றால் மட்டும் சுடும். வேலி என்ற சொல்லுக்கு இதைவிடக் கேடான பொருளை யாரும் கற்பித்ததில்லை. பயிரை மேய்ந்த வேலியாவது வெளியாடுகளைத் தடுத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நாயை எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்து, அதற்கு வேண்டிய நடமாட்டத்தைத் தராதவரையும் குற்றவாளி என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைகளை 2010இலேயே தடைசெய்துவிட்டது. இங்கே 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன; அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளுக்குப் பதிவையும் அனுமதியையும் வலியுறுத்தி விதிகள் வகுத்தது. காட்டோரத்தில் நிலத்தைச் சுற்றி மின்வேலி போட அனுமதி வேண்டும். ஒரு நாயின் தொண்டையில் அதை மாட்ட ஒரு கைப்பேசியும் வீட்டு முகவரியும் போதும்.

எங்களை இன்னொன்றும் உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இந்த ஆற்றங்கரைக்குப் புதியவை அல்ல. எந்தத் தெருவில் எவர் செருப்பணிந்து நடக்கலாம், எந்தப் படித்துறையில் எவர் இறங்கலாம் என்பதையெல்லாம் எழுதிவைக்காமலே வலியால் கற்பித்த ஊர்கள் இவை. நாங்கள் மனிதரை நாயோடு ஒப்பிடவில்லை. கோடு கிழிப்பவனின் மனத்தைத்தான் ஒப்பிடுகிறோம். அவனுக்குச் சுவர் தேவையில்லை. தன் கை ஓங்கப்பட்டது வெளியே தெரியாமல், அஞ்சுபவர் தாமாகவே விலகி நிற்கவேண்டும் என்பதே அவன் விருப்பம். இதைப் பற்றி எத்தனை கதைகள் படித்திருக்கிறோம், எத்தனை மாலைகள் பேசியிருக்கிறோம்! அவற்றையெல்லாம் படித்தவரின் வாசலில்தான் அந்தக் கொடிகள் நடப்பட்டிருந்தன.

மாற்று இல்லையா? நம் முன்னோர் உடைமுள்ளை வெட்டி அடைத்தார்கள். தேரிக்காட்டில் பனைமட்டையை நெருக்கி நட்டு வேலி கட்டினார்கள். வாசலுக்கு ஒரு படல். இவற்றை நாயும் பார்க்கும், நரியும் பார்க்கும், அண்டை வீட்டாரும் பார்ப்பார்கள். இன்று கம்பிவலையோ இடுப்பளவைத் தாண்டிய மதிலோ போதும். இரவில் நாய்க்கு வீட்டுக்குள் ஓரிடம் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையும் மாலையும் அதை வெளியே ஓடவிட்டு உடன் நடக்க ஒருவர் வேண்டும். கடையில் கிடைக்காதது இந்த ஒன்றுதான். மற்ற யாவும் இதைத் தரத் தயங்குபவருக்காகச் செய்யப்பட்ட கருவிகள்.

நண்பர் இன்னும் எங்களோடு உடன்படவில்லை. போனவாரம் சென்றிருந்தோம். கொடிகளைப் பிடுங்கிவிட்டார், பயிற்சி முடிந்ததாம். வழக்கமாக எங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே சாலைவரை ஓடிவந்து மேலே விழும் நாய், முற்றத்தின் நடுவில் நின்று வாலை மட்டும் ஆட்டியது. எதிரே மலை மிகத் தெளிவாகத் தெரிந்தது.